மகன் மதுரையில், தந்தை பெங்களூருவில்: எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போவது?

"திருமணமானதும் பெங்களூருவில் குடியிருந்தோம். பிரிந்து வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஏழு வயது மகனுடன் மதுரையில் பெற்றோர் வீட்டில் இருக்கிறேன், விவாகரத்து ஆகவில்லை. மகனைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரி கணவர் பெங்களூரு குடும்பநல நீதிமன்றத்தில் மனு போட்டு, சம்மன் வந்துள்ளது. செலவுக்கு ஒரு பைசா தருவதில்லை. 'பிள்ளையைக் கண்ணில் காட்டாமல் பணம் கிடையாது' என்கிறார். வாய்தாவுக்கு வாய்தா நான் பெங்களூரு போயாக வேண்டுமா?" என்று கேட்கிறார் மதுரை வாசகி ஒருவர்.

முதலில் சம்மனைக் கவனியுங்கள். 'நான் மதுரையில் இருக்கிறேன், அந்த நீதிமன்றம் என்னை என்ன செய்யும்' என்று அதை அலமாரியில் வைத்துவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவு வந்துவிடும். அதை ரத்து செய்ய அலைவது பெங்களூரு போய்வருவதைவிடப் பெரிய அலைச்சல். அங்கே ஒரு வக்கீலை அமர்த்தி, முதல் வாய்தாவிலேயே அதிகார வரம்பை ஆட்சேபித்து மனு போடுங்கள்.

அதற்கு வலுவான சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர், காப்புயிர்கள் (அதாவது காப்பில் உள்ள மைனர் குழந்தைகள்) சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றமே இத்தகைய மனுவை விசாரிக்க வேண்டும். போன மாதம்தான் அழைத்து வந்தீர்கள் என்றால் இந்த வாதம் எடுபடாமல் போகலாம். ஒன்றரை ஆண்டுப் பள்ளிப்படிப்பு வேறு கதை. பள்ளியின் போனஃபைட் சான்றிதழ், கட்டண ரசீதுகள், மதுரை மருத்துவரின் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வக்கீலிடம் கொடுங்கள். மனு விவாகரத்து வழக்கோடு சேர்ந்து வந்திருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது உரிமையியல் நடைமுறைச் சட்டம் 25ஆவது பிரிவின் கீழ், வழக்கை மதுரைக்கு மாற்றக் கோரி உச்ச நீதிமன்றத்தை அணுகலாம். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.

பணத்துக்கான வழி இவ்வளவு சுற்று இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125) மதுரையிலேயே ஜீவனாம்ச மனு போடலாம். மனைவி வசிக்கும் இடத்தில் தொடுக்க 145ஆவது பிரிவு இடம் தருகிறது. உங்களுக்கும் மகனுக்கும் தனித்தனியாகத் தொகை கேளுங்கள். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு விஷயங்கள் உங்களுக்கு நேரடியாக உதவும். இருவருமே சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். தீர்ப்பு இரண்டு ஆண்டு கழித்து வந்தாலும் பாக்கி சேர்ந்து வரும்; ஆனால் மனு போடாமல் கழித்த மாதங்கள் போனது போனதுதான். நீங்கள் இதுவரை போடவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. இந்த வாரமே போடுங்கள்.

உத்தரவு கிடைத்தபின் அவர் பெங்களூருவில் இருந்துகொண்டு கட்டாமல் விட்டால்? அவர் எங்கே இருக்கிறாரோ அந்த ஊர் நீதிமன்றம் வழியாகவே அந்த உத்தரவை நிறைவேற்றலாம். ஒவ்வொரு மாத பாக்கிக்கும், அது கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வாரண்ட் கேட்டுவிட வேண்டும். 'மொத்தமாகச் சேரட்டும், பார்க்கலாம்' என்று காத்திருந்து பழைய பாக்கியைக் கோட்டை விட்டவர்கள் நிறையப் பேர்.

இனி அவர் வைக்கும் பேரம். பணம் தராததற்காக நீங்கள் மகனைக் காட்டாமல் இருப்பதும், மகனைக் காட்டாததற்காக அவர் பணம் தராமல் இருப்பதும், இரண்டுமே நீதிமன்றத்தில் நிற்காது. அவர் பணம் தராத கோபம் நியாயமானதே. ஆனாலும், அவரைக் கண்டால் குழந்தைக்கு ஆபத்து என்ற நிலை இல்லாதவரை, தொலைபேசியைக்கூட மறுப்பது உங்கள் வழக்கைத்தான் கெடுக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும் என்ற விதியை உங்கள் மகன் தாண்டிவிட்டான். இனி அவன் நலன் ஒன்றே அளவுகோல். பெற்றோர் வெவ்வேறு மாநிலங்களில் இருக்கும்போது நேரில் பார்க்கும் உரிமையோடு தொடர்பில் இருக்கும் உரிமையும் முக்கியம் என்று யஷிதா சாஹு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தினமும் ஐந்து, பத்து நிமிடம் பேசுவது வழக்கமாக இருக்க வேண்டும் என்றது.

ஆகவே ஏற்பாட்டை நீங்களே எழுதி மனுவாகக் கொடுங்கள், மொட்டையாக 'விடுமுறையில் பார்க்கலாம்' என்று அல்ல. தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையும் கர்நாடக தசரா விடுமுறையும் ஒத்துப்போகாது. மகன் படிக்கும் பள்ளியின் நாட்காட்டிப்படி என்று குறிப்பிடுங்கள். எத்தனை மணிக்கு வீடியோ அழைப்பு, கோடையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ரயிலில் யார் கூட வருவது, டிக்கெட் யார் செலவு, எந்த இடத்தில் ஒப்படைப்பது, திரும்பக் கொண்டுவிடுவது யார், எல்லாம் உத்தரவில் ஏறட்டும். கொண்டுபோன பிள்ளையை அவர் திருப்பி அனுப்பாவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட நேரிடும். தந்தையும் பெற்றவர்தானே என்று அங்கே கேள்வி எழும்போது, திரும்பும் தேதி எழுதிய அந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்.