மீன் தலையை யாருக்குக் கொடுக்கிறீர்கள்?

போன இதழில் சூக் கடலில் சால்மன் பிடித்த அனுபவத்தை எழுதியதும் கடிதங்கள் குவிந்துவிட்டதாக ஆசிரியர் சொன்னார். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அதில் எட்டுக்குப் பதில் இங்கே. முதலிலேயே ஒன்று: நான் மீனவன் இல்லை. தரங்கம்பாடியில் பிறந்தவன்தான், ஆனால் அப்பாவுக்கு அங்கே சைக்கிள் கடை. கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் தெற்கு முனையில் இருக்கும் சூக்கில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். பதினேழு அடி அலுமினியப் படகு ஒன்று உண்டு. சனி, ஞாயிறு தூண்டில் போடுகிறேன், அவ்வளவுதான்.

ஜூலையில் குடும்பத்தோடு விக்டோரியா வருகிறோம். ஒருநாள் சால்மன் பிடிக்க ஆசை. ஒன்டாரியோ மீன்பிடி லைசென்ஸ் போதுமா?
*– ஸ்கார்பரோ வாசகர்*

போதாது. அது அந்த ஊர் ஏரிக்கு. இங்கே கடல் மீன்பிடிப்பு மத்திய அரசின் மீன்வளத் துறையின் கையில் இருக்கிறது. ‘டைடல் வாட்டர்ஸ்’ லைசென்ஸை இணையத்திலேயே எடுக்கலாம். ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் என்று உண்டு. வருட லைசென்ஸ் எப்போது எடுத்தாலும் மார்ச் 31-ல் முடிந்துவிடும். பிடித்த சால்மனை வீட்டுக்குக் கொண்டுபோக ‘சால்மன் ஸ்டாம்ப்’ தனியாக வேண்டும். பதினாறு வயது ஆகாத பிள்ளைகளுக்குக் காசில்லை, ஆனால் அவர்கள் பெயரிலும் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும்.

அதைவிட முக்கியம், எந்தத் தேதியில் எந்த மீனை வைத்துக்கொள்ளலாம் என்பது. கடலைத் துண்டு போட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். விக்டோரியா பக்கம் 19, சூக்கிலிருந்து போர்ட் ரென்ஃப்ரூ வரை 20. சால்மனில் பெரிய வகையான சினூக் ஃப்ரேசர் ஆற்றில் குறைந்துபோனதால், 2019 முதல் தெற்குக் கடலில் பல இடங்களில் வசந்தம் தொடங்கிக் கோடை நடுவரை சினூக்கைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும். தேதிகள் வருடா வருடம் மாறும், சில சமயம் நடுவிலும் மாறும். “போன வருஷம் மச்சான் ரெண்டு எடுத்துட்டுப் போனார்” என்பதெல்லாம் செல்லாது. கிளம்புகிற அன்று காலையில் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். வாடகைப் படகு பேசினால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் “அன்றைக்கு எதை வைத்துக்கொள்ளலாம்?” என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் போன என் நண்பர் குடும்பம் நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்து விட்டுவிட்டு, வரும் வழியில் கடையில் மீன் வாங்கிக்கொண்டு வந்தது.

சினூக், கோஹோ என்ற இரண்டு சால்மன் வகைகளும் எனக்கு ஒரே மாதிரி தெரிகின்றன. விடுவதா வைப்பதா என்று தெரிவதற்குள் மீன் செத்துவிடும் போலிருக்கிறது.
*– ரிச்மண்ட் வாசகர்*

மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்காதீர்கள். வலையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு வாயைப் பாருங்கள். பல் முளைக்கிற இடத்தில் ஈறு கறுப்பாக இருந்தால் சினூக், வெளுத்திருந்தால் கோஹோ. அப்புறம் வால்: சினூக்குக்கு மேல்பாதி, கீழ்ப்பாதி இரண்டிலும் புள்ளி இருக்கும், கோஹோவுக்கு மேலே மட்டும். வாலில் கட்டைவிரல் அகலத்துக்கு நீள்வட்டப் புள்ளிகளும், உடம்பில் பொடிப்பொடிச் செதிலும் இருந்தால் அது பிங்க் என்ற இன்னொரு சால்மன். ஃப்ரேசருக்கு ஒற்றைப்படை வருடங்களில்தான் கூட்டமாக வரும்.

கோஹோ என்று தெரிந்தால் முதுகைப் பாருங்கள். வாலுக்குக் கொஞ்சம் முன்னால் சுண்டுவிரல் நுனி மாதிரி ஒரு குட்டித் துடுப்பு இருக்க வேண்டும். இருந்தால் ஆற்றில் பிறந்த மீன், எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் விட்டுவிட வேண்டியதுதான். துடுப்பு இல்லாமல் அந்த இடம் ஆறிய தழும்பாக இருந்தால் பொரிப்பகத்தில், அதாவது முட்டை பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கும் பண்ணையில், குஞ்சிலேயே துடுப்பு நறுக்கிவிடப்பட்ட மீன். சால்மன் தூண்டில் முள்ளின் நுனியில், கழலாமல் பிடித்துக்கொள்ளும் எதிர்முள் இருக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் இடுக்கியால் ஒரு திருப்புத் திருப்பினால் கழன்றுவிடும்.

முதல்முறை பெரிய சினூக் கிடைத்தது. வெட்டினால் சதை வெள்ளையாக இருந்தது. கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிட்டோம். சரிதானே?
*– சர்ரே வாசகி*

ஐயோ! அது ‘ஒயிட் ஸ்பிரிங்’ அம்மா, வெள்ளைச் சதைச் சினூக். சால்மனுக்குச் சிவப்பு வருவது அது தின்கிற இறால் வகைகளின் நிறமியிலிருந்து. சில சினூக்குகளுக்குப் பிறவியிலேயே அந்த நிறத்தைச் சதையில் சேர்த்துவைக்கும் திறன் இல்லை. ஃப்ரேசரில் வந்து கலக்கும் ஹாரிசன் ஆற்றுச் சினூக்கில் இப்படி நிறைய உண்டு. ஒரு காலத்தில் வெள்ளைக்கு விலை குறைவு. இன்று உணவகங்களில் ‘ஐவரி’ என்று பெயர் வைத்துப் பெருமையாகப் பரிமாறுகிறார்கள். என் நாக்குக்குச் சிவப்பைவிட வெள்ளைதான் நெய் மாதிரி இருக்கும். அடுத்த முறை முகர்ந்து பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

ஹாலிபட்டுக்கு நங்கூரம் போட்டுத்தான் பிடிக்க வேண்டுமா? நான் சிறிய படகு வாங்கியிருக்கிறேன்.
*– நனைமோ வாசகர்*

போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீரோட்டத்தோடு மிதந்துகொண்டும் பிடிக்கலாம். நீங்கள் புதியவர், மிதந்தே பிடியுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

2016 மே மாதம். நானும் ஒரு நண்பரும் ஹுவான் டி ஃபூகா நீரிணையில் இருநூறு அடி ஆழத்தில் நங்கூரம் போட்டோம். ஹாலிபட் தரையோடு படுத்திருக்கும் மீன். தூண்டிலில் சால்மன் வயிற்றுத் துண்டைக் கோத்து, ஒரு கிலோவுக்குக் குறையாத ஈயக் குண்டோடு அடிக்கு இறக்கி வைத்தால், வாசனை நீரோட்டத்தில் போய் அதைக் கூட்டிவரும். ஏற்றமும் வற்றமும் திரும்புகிற அந்த நின்ற நேரத்துக்கு முன்னும் பின்னும்தான் வேலை, மற்ற நேரம் குண்டு தரையில் நிற்காது. நாங்கள் நல்ல நேரம் பார்த்துத்தான் போனோம். ஆனால் நண்பர் கயிற்றை மாற்றிக் கட்ட நினைத்து, படகின் கூர்முனையிலிருந்து அவிழ்த்துப் பின்பக்கத்தில் கட்டிவிட்டார். எனக்கு முதுகு அந்தப் பக்கம்.

தண்ணீர் ஓட ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்து ஒரு சத்தம் போட்டது. திரும்பினால் மோட்டார் பக்கம் பலகை முழங்கால் அளவுக்கு இறங்கியிருக்கிறது, பச்சைத் தண்ணீர் உள்ளே வழிகிறது. படகின் பின்பக்கம் தட்டை. அதை நீரோட்டத்துக்கு எதிரே கட்டினால், கடல் அதை அப்படியே கீழே அமுக்கும். கூர்முனை என்றால் தண்ணீர் பிளந்து போய்விடும். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், அந்த இறுக்கத்தில் எந்த முடிச்சு அவிழும்? தூண்டில் இரை நறுக்கும் கத்தியால் அறுத்தேன். நங்கூரம், சங்கிலி, அறுநூறு அடிப் புதுக் கயிறு எல்லாம் போயின. இங்கே கோடையிலும் தண்ணீர் பத்து டிகிரிதான். உள்ளே விழுந்திருந்தால் இந்தப் பத்தியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அன்றிலிருந்து என் படகின் முனையில் ஒரு கத்தி கட்டியே இருக்கிறது. நங்கூரக் கயிற்றில் பெரிய ஆரஞ்சு மிதவையும் வளையமும் போட்டிருக்கிறேன். ஆபத்து என்றால் கயிற்றை மிதவையோடு கழற்றி விட்டுவிட்டு விலகலாம், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். திரும்பும்போது கையால் இழுக்கவும் வேண்டாம்: படகை முன்னே ஓட்டினால் வளையம் கயிற்றில் வழுக்கி இறங்கி, மிதவை நங்கூரத்தை மேலே தூக்கிக் கொடுத்துவிடும். பழகினவர் ஒருவரோடு நாலு முறை போய்ப் பார்த்துவிட்டு நீங்கள் செய்யுங்கள்.

இன்னொன்று. பெரிய ஹாலிபட்டை உயிரோடு படகுக்குள் இழுக்காதீர்கள். கதவுப் பலகை துள்ளுகிற மாதிரி துள்ளும், கால் முறியும். பக்கத்தில் வைத்தே செவுளை வெட்டி ரத்தம் வடிய விடுங்கள். அதற்கு முன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். நீள உச்சவரம்பு உண்டு, வருடத்துக்கு வருடம் மாறும். மிகப் பெரியவை எல்லாம் முட்டையிடும் பெண் மீன்கள். வைத்துக்கொண்டால் அந்த இடத்திலேயே லைசென்ஸில் பதிய வேண்டும், கரைக்கு வந்து அல்ல.

ஹாலிபட் என்பது நம் நாக்கு மீன்தானா?
*– நாகப்பட்டினம் வாசகர்*

ஒரே குலம், வேறு வீடு. இரண்டும் தட்டை மீன்கள். ஹாலிபட் குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்கள் மாதிரி இரு பக்கமும் கண் வைத்துக்கொண்டு நிமிர்ந்துதான் நீந்தும். சில மாதத்தில் இடது கண் மண்டையைத் தாண்டி வலப்பக்கம் வந்துவிடும், அப்புறம் ஆயுள் முழுக்க ஒருக்களித்த வாழ்க்கைதான். பசிபிக் ஹாலிபட் இருநூறு கிலோவைத் தாண்டியும் வளரும்.

பெயரிலாவது நெருக்கம் வேண்டுமென்றால் எருமை நாக்கைச் சொல்லலாம், அதற்கு இங்கிலீஷில் ‘இந்தியன் ஹாலிபட்’ என்றே பெயர். அதன் அறிவியல் பெயர் ‘செட்டோடஸ் எருமெய்’. ஆமாம், அந்த எருமை நம்ம எருமையேதான்.

ஹாலிபட் குழம்பு வைத்தால் சக்கை மாதிரி ஆகிறது.
*– பர்னபி வாசகி*

அதில் எண்ணெய் கிடையாது, கொதிக்கவிட்டால் வறண்டுவிடும். புளி, மிளகாய் எல்லாம் கொதித்து அடங்கியபின் துண்டுகளைப் போட்டு, மூடி, அடுப்பை அணைத்துவிடுங்கள். சமைக்கும் முன்பே சதை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால், இழுபறியில் மீன் களைத்துப்போய்ச் சதையில் அமிலம் சேர்ந்திருக்கிறது. தின்னலாம், கெடுதல் இல்லை. கட்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறைய கிடைத்தால் தெரிந்த ஹோட்டலுக்கு விற்கலாமா?
*– பெயர் வேண்டாம் என்கிறார்*

கூடாது. பெயர் வேண்டாம் என்றபோதே உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கிறது.

சால்மன் தலையை வெட்டி யாருக்கோ கொடுப்பதாகப் போன முறை எழுதினீர்கள். தலைக் குழம்பு வைக்கத் தெரியாதா?
*– மார்க்கம் வாசகி*

தெரியும், அதனால்தான் வயிறு எரிகிறது. குட்டித் துடுப்பு நறுக்கப்பட்ட மீன்களில் சிலவற்றின் மூக்குக்குள் ஒரு மில்லிமீட்டர் நீளக் கம்பித் துண்டு இருக்கும். அதில் எண் பொறித்திருக்கும். எந்தப் பொரிப்பகம், எந்த வருடம் என்று அதைப் படித்துச் சொல்லிவிடலாம். எந்த ஆற்று மீன் எங்கே பிடிபடுகிறது என்று அரசு கணக்கெடுப்பது இப்படித்தான். தூண்டில் கடை, படகுத்துறை போன்ற இடங்களில் தலை வாங்க ஓர் உறைபெட்டி வைத்திருப்பார்கள். பிடித்த இடம், தேதி எழுதிய சீட்டோடு போட்டுவிட வேண்டும்.

மாதங்கள் கழித்துப் பதில் வரும். ஒருமுறை எனக்கு வந்தது: போர்ட் ஆல்பர்னி பக்கம் இருக்கும் ராபர்ட்சன் க்ரீக் பொரிப்பகம், வயது நான்கு. என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். “தலையைக் குடுத்துட்டு ஜாதகம் வாங்கிட்டு வந்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டு, குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து மாட்டினாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.