ரீகியரா, ஆக்ஸிலையே மாற்றுவதா? ஜீப்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பெரிய டயர் மாட்டியதும் வண்டி ஏற்றத்தில் திணறுகிறது. ஆக்ஸிலுக்குள் இருக்கும் கியர் விகிதத்தை மட்டும் மாற்றுவதா (ரீகியர் என்பது இதுதான்), ஆக்ஸிலையே இறக்கிவிட்டு வேறு வைப்பதா? அமெரிக்காவில் ஜீப் வைத்திருக்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி இதுதான். 15 வருடமாக வீட்டு கராஜில் டிஃபரன்ஷியல் (ஆக்ஸில் நடுவில் உள்ள கியர் பெட்டி) திறந்து மூடிய அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு சொல் விளக்கம்: நம்ம ஊர் மெக்கானிக் ‘க்ரவுன்’ என்று சொல்வதைத்தான் இங்கே ரிங் கியர் என்கிறார்கள். அந்தப் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றிவிடும் சின்னப் பல்சக்கரம் பினியன். ரிங் கியரின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவதுதான் விகிதம்.

கேள்வி: 2014 ஜேகே (ஜீப் ராங்லர் மாடல்) அன்லிமிடெட் ஸ்போர்ட், ஆட்டோமேட்டிக், 3.21 விகிதம். 35 அங்குல டயர் போட்ட பிறகு ஹைவேயில் ஐந்தாவது கியரில் நிற்கவே மாட்டேன் என்கிறது. தினமும் ஆபீஸ், மாதம் ஒருமுறை மண்பாதை. ஆக்ஸில் மாற்ற வேண்டுமா அண்ணா?

வேண்டாம் தம்பி, ரீகியர் போதும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு எத்தனை மைல் என்பதை விகிதத்தாலும் 336 என்ற எண்ணாலும் பெருக்கி, டயர் உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் நேர் கியரில் (1:1) எஞ்சினின் நிமிடச் சுற்று வரும். உங்கள் ஐந்தாவது கியர் 0.83, அதனாலும் பெருக்க வேண்டும். 65 மைல் வேகத்தில் 3.21 விகிதத்துக்குச் சுமார் 1,660 சுற்று. அந்த 3.6 லிட்டர் வி6 இவ்வளவு கீழே சுமை இழுக்காது. எதிர்க்காற்று வந்தாலே நாலாவதுக்கு இறங்கிவிடும். 4.56 போட்டால் சுமார் 2,360. அங்கே எஞ்சினுக்கு உயிர் வரும்.

உங்கள் வண்டியில் வந்த டயர் 29 அங்குலத்துக்குச் சற்று மேல். பழைய நிலைக்குத் திரும்ப மட்டும் என்றால் 3.21ஐ 35ஆல் பெருக்கி 29.3ஆல் வகுக்க 3.83 வருகிறது. பலர் அதைப் பார்த்துவிட்டு 3.73 போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரிய டயரின் எடை, உயர்த்திய வண்டி வாங்கும் காற்று, இரண்டும் அந்தக் கணக்கில் இல்லை. அதனால்தான் நான் 4.56 சொல்கிறேன்.

பின்னால் இருப்பது டானா 44 (டானா என்பது ஆக்ஸில் கம்பெனி, எண் மாடல்), நல்ல ஆக்ஸில். முன்னால் டானா 30. உங்கள் ஓட்டத்துக்கு அதுவும் தாங்கும். ஸ்டியரிங் நக்கிளைப் பிடித்திருக்கும் ‘சி’ பகுதிக்கு மட்டும் கஸெட் (வலுவூட்டும் தகடு) வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள், 35 டயரில் அது வளைவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 1999 டிஜே (ஜேகேக்கு முந்தைய ராங்லர்), 4.0 எஞ்சின், 5 கியர் மேனுவல், 3.07 விகிதம், பின்னால் டானா 35. 33 டயர் போட்டாயிற்று. இரண்டு பக்கமும் 4.56 ரீகியர் செய்யப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சரிதானே சார்?

முன்பக்கத்துக்குச் சரி, பின்பக்கத்துக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை.

டானா 35இன் ஷாஃப்டை (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) உள்ளே பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன ‘சி’ வடிவ கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரத்தைப் பிடித்து வைக்க வேறெதுவும் இல்லை. பென்சில்வேனியாவின் ராஷ் க்ரீக் ஆஃப்ரோடு பார்க்கில் எனக்கு முன்னால் போன வண்டி ஒரு பாறை விளிம்பில் ஏறும்போது இது நடந்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் பின் இடது சக்கரம் முறிந்த ஷாஃப்டோடு நாலு விரற்கடை வெளியே வந்து, ஃபெண்டருக்கு அடியில் சாய்ந்து நின்றது. பிரேக் டிரம் கையோடு வந்துவிட்டது. நடை வேகத்தில் போனதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதுவே ஹைவேயில் நடந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. விகிதம் ஏற ஏற பினியன் சிறுக்கும். 3.73 என்றால் 41க்கு 11 பல், 4.56 என்றால் 41க்கு 9 பல். ஏற்கெனவே சிறிய ரிங் கியர் உள்ள ஆக்ஸிலில் பினியனையும் சிறிதாக்கி, பெரிய டயரும் போடுகிறீர்கள். ரீகியர் மந்தத்தைத்தான் தீர்க்கும், முறிவைத் தீர்க்காது.

பழைய பாகக் கடைகளில் 1995 முதல் 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 (ரிங் கியர் 8.8 அங்குலம்) ஆக்ஸில் தேடுங்கள். 31 ஸ்ப்ளைன் (நுனியில் உள்ள பல்வரி) ஷாஃப்ட், டிஸ்க் பிரேக், உங்கள் சக்கரத்தின் அதே 5 போல்ட் அமைப்பு. பல ஆக்ஸில்கள் 3.73 அல்லது 4.10 விகிதத்தோடே வரும். இதிலும் ‘சி’ கிளிப்தான், ஆனால் ஷாஃப்ட் நன்றாகவே தடித்தது. வேலை இல்லாமல் இல்லை: டிஜேக்கு ஏற்ற பிராக்கெட்டுகள் எல்லாவற்றையும் வெல்டிங் செய்ய வேண்டும், குழாய்களை நடு வார்ப்போடு சேர்த்தும் வெல்டிங் போட வேண்டும், புரொப்பல்லர் ஷாஃப்ட் இணைப்பு, ஹேண்ட் பிரேக் கேபிள் என்று சில்லறை வேலைகள் வரிசை கட்டும். வெல்டிங் தெரிந்த நண்பர் இல்லையென்றால் டிஜேயின் டானா 44 கிடைக்குமா என்று பாருங்கள். விலை கூடுதல், ஆனால் நேராக உட்காரும்.

4.10 உள்ள 8.8 கிடைத்தால் முன்பக்க டானா 30ஐ மட்டும் 4.10க்கு மாற்றினால் போதும். 33 டயரில், ஐந்தாவது கியரில், 65 மைலுக்குச் சுமார் 2,140 சுற்று. அந்த 4.0 எஞ்சினுக்கு அது சுகமான இடம். முன்னால் 3.07இலிருந்து போகும்போது கேரியரையும் (ரிங் கியரைத் தாங்கும் கூடு) மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் டானா 30இல் 3.54 வரை ஒரு கேரியர், 3.73 முதல் வேறு. லாக்கர் (இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்தே சுழலவைக்கும் அமைப்பு) ஆசை இருந்தால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். பிறகு தனியாகச் செய்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும்.

கேள்வி: பின்பக்கம் மட்டும் விகிதம் மாற்றி ஓட்டலாமா? ஃபோர் வீல் எப்போதாவதுதான் போடுவேன்.

கூடாது. போடும் அந்த ஒரு நாள் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி) உடையும். 4.10க்கு 4.11 என்றால் பரவாயில்லை, அதற்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

கேள்வி: ஜேகே ரூபிகானிலிருந்து (ராங்லரின் ஆஃப்ரோடு வகை) கழற்றிய ஆக்ஸில் ஜோடி, 4.10 விகிதம், லாக்கரோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. என் ஜேகே ஸ்போர்ட்டுக்கு ரீகியர் செய்ய இங்கே 2,000 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். எது லாபம்?

ஜோடியின் விலை ரீகியர் கூலிக்குப் பக்கத்தில் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். ஆக்ஸில் மாற்றுவதே மலிவாக முடியும் அபூர்வமான இடம் இது. உங்கள் வண்டியில் நேராகப் பூட்டலாம், லாக்கருக்கு வயரிங் மட்டும் தனியாக இழுக்க வேண்டும். 35 டயர் வரைக்கும் 4.10 ஓரளவு ஒப்பேறும்.

வாங்கும் முன் டிஃபரன்ஷியல் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எண்ணெயில் விரலை விட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தால் இயல்பு. வெள்ளித் தூள் போல மினுமினுத்தால், நகத்தில் உரசும் துணுக்கு கிடைத்தால், திரும்பி வந்துவிடுங்கள். முன் ஆக்ஸில் குழாய் வளைந்திருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். ரூபிகான் என்பதால் குழாய் பெரிதாக வலுத்துவிடவில்லை, உள்ளே இருக்கும் கியரும் ஷாஃப்டும்தான் பெரிது.

கேள்வி: நானே ரீகியர் செய்து பழகலாமா?

பழகலாம், பொறுமை இருந்தால். எனக்கு இந்த வேலை பிடிபட்டதே ஒரு கெட்ட அனுபவத்தால்தான். முதல் ரீகியரை ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்தேன். 400 மைல் தாண்டியதும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து ஓர் ஊளை. மூடியைத் திறந்து பற்களில் மஞ்சள் மார்க்கிங் பசையைத் தடவிச் சுற்றிப் பார்த்தேன். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அடிவேரில் போய் விழுந்திருந்தது. பினியன் ரிங் கியருக்குள் அளவுக்கு மேல் போயிருக்கிறது என்று அர்த்தம். புதுக் கியர் செட் வீணாகிவிட்டது.

அன்றைக்குப் புரிந்தது இதுதான். தடம் பல்லின் உச்சியில் விழுந்தால் பினியனை உள்ளே தள்ள வேண்டும், வேரில் விழுந்தால் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு ஷிம்மை (மெல்லிய வளையத் தகடு) மாற்றணும். ஷிம்மை மாற்ற பேரிங்கைக் கழற்றணும். நாலைந்து முறை இப்படிக் கழற்றி மாட்டினால்தான் தடம் நடுவுக்கு வரும். இங்கே அவசரப்படுகிறவர்கள்தான் கோட்டை விடுகிறார்கள். பேக்லாஷை (இரண்டு கியர்களின் பற்களுக்கிடையே உள்ள இடைவெளி) டயல் கேஜ் வைத்து அளங்கள். பொதுவாக 6 முதல் 10 தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு முதல் பத்து பங்கு. செட்டோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே வேதம். க்ரஷ் ஸ்லீவை (பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் குழாய்) கொஞ்சம் கூடுதலாக நசுக்கிவிட்டால் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புதிதுதான் போட வேண்டும். கையில் இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து கேட்கிறேன். புது மஹிந்திரா தாருக்கு இதெல்லாம் பொருந்துமா?

டயர் கணக்கு பொருந்தும், ஆக்ஸில் மாற்றுவது பொருந்தாது. தாரின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். அங்கே திட ஆக்ஸில் வைப்பதென்றால் ஃபிரேமிலிருந்தே வேலை தொடங்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வேறு இருக்கிறது, தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அளவான டயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜேகேக்கு 37 டயர் வாங்க முடிவு செய்துவிட்டேன். இப்போதைக்கு 35க்கு ரீகியர், அடுத்த வருடம் 37க்கு டானா 60. இந்தத் திட்டம் சரியா?

இரண்டு முறை செலவு செய்யப் போகிறீர்கள், அவ்வளவுதான். 37இல் பாறை ஏறுவது உறுதி என்றால் இந்த வருடம் ரீகியர் வேண்டாம். மந்தத்தைப் பொறுத்துக்கொண்டு, மண்பாதையில் மட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில் போட்டு மெதுவாக ஓட்டி, பணத்தைச் சேருங்கள். புது டானா 60 ஜோடி 10,000 டாலரைத் தாண்டும். 8 போல்ட் வகையாக இருந்தால் ரிம்மும் மாற்ற வேண்டும். ஆனால் 5.13 விகிதம், லாக்கர் எல்லாம் பூட்டியே வாங்கலாம், ரீகியர் கூலி தனியாக இல்லை.

37 வெறும் ஆசைதான், ஓட்டம் மண்பாதையில் மட்டும் என்றால் 35லேயே நின்று ரீகியர் செய்யுங்கள். டயரை முடிவு செய்யாமல் கியர் ஆர்டர் போடவே போடாதீர்கள்.

கேள்வி: ரீகியர் முடிந்து இன்றுதான் வண்டி வந்தது. நாளைக்கே யூட்டாவின் மோவாபுக்கு 600 மைல் கிளம்பலாமா?

தயவுசெய்து வேண்டாம். முதலில் 15, 20 மைல் நிதானமாக ஓட்டி, மூடியைத் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு முழுசாக ஆற விடுங்கள். இதை நாலைந்து முறை செய்யுங்கள். முதல் 500 மைலுக்கு டிரெய்லர் இழுக்க வேண்டாம், வேகமும் வேண்டாம். 500இல் எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுங்கள். வடித்ததைக் கீழே கொட்டுவதற்கு முன் ஒரு காந்தத்தை அதில் விட்டுப் பாருங்கள். மோவாபுக்கு அதற்கு அடுத்த வாரம் போகலாம்.