துபாய் வேலை, அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளி: மகளின் கல்லூரிப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். துபாயில் மாதம் 32,000 திர்ஹாம் சம்பளத்தில் மூன்று ஆண்டு ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் குடும்பத்தோடு கிளம்புகிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. இருவரும் இங்கே சிபிஎஸ்இ பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே குடியேறப்போகும் பகுதியில் இருக்கும் அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் சேர்க்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். ஆண்டுக் கட்டணம் மகளுக்கு 68,000 திர்ஹாம், மகனுக்கு 52,000. நிறுவனம் ஒரு பிள்ளைக்கு 35,000 திர்ஹாம் வரை கல்விப்படி தருகிறது. அங்குள்ள சிபிஎஸ்இ பள்ளியில் தலைக்கு 18,000-க்குள் முடிந்துவிடும். மகளின் கல்லூரிப் படிப்புக்காக மியூச்சுவல் ஃபண்டில் 38 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். அவளுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. ‘அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்தாவது நல்ல பள்ளியில் சேர்த்துவிடலாம்’ என்கிறார் என் மனைவி. செய்யலாமா?

பதில்: அந்த 38 லட்சத்தைத் தொட வேண்டாம். மகளை சிபிஎஸ்இ பள்ளியிலேயே சேருங்கள். மகன் விஷயத்தில் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கட்டணம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் உங்கள் மகளின் ஆசை.

முதலில் கட்டணத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு திர்ஹாமை 24 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஆண்டுச் சம்பளம் 3,84,000 திர்ஹாம். வீட்டு வாடகைக்கு 1,20,000, மாதச் செலவுக்கு 10,000 வீதம் இன்னொரு 1,20,000 போனால் மிச்சம் 1,44,000. எந்தப் பள்ளியானாலும் இரு பிள்ளைகளின் பஸ், சீருடை, மடிக்கணினி, சுற்றுலா என்று 15,000 திர்ஹாம் ஆகும். சிபிஎஸ்இ கட்டணம் கல்விப்படிக்குள் அடங்கிவிடும். ஆகவே ஆண்டுக்கு 1,29,000 திர்ஹாம், ஏறத்தாழ 31 லட்சம் ரூபாய் சேமிக்கலாம். அமெரிக்கப் பள்ளி என்றால் கல்விப்படி போக 50,000 திர்ஹாமை நீங்கள் போட வேண்டும். சேமிப்பு 19 லட்சமாகக் குறையும். வித்தியாசம் ஆண்டுக்கு 12 லட்சம், மூன்று ஆண்டுகளில் 36 லட்சம். மகளுக்காக இத்தனை காலம் சேர்த்த நிதிக்கு ஏறத்தாழச் சமமான தொகை இது. வகுப்பு ஏற ஏற இந்தப் பள்ளிகளில் கட்டணமும் ஏறும் என்பதை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆக, சம்பளத்திலிருந்தே உங்களால் கட்ட முடியும். ஆனால் முதல் மாதம் கையைக் கடிக்கும். உங்கள் மனைவி கல்லூரி நிதியை எடுக்கலாம் என்று சொல்வதும் அதனால்தான் இருக்கும். துபாயில் வாடகையை மாதாமாதம் கொடுக்கும் வழக்கம் குறைவு; ஆண்டு வாடகையை நான்கைந்து காசோலைகளாக முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். முதல் காசோலை 30,000, வீட்டுக்காரருக்கு முன்பணம் 5 சதவீதம் 6,000, தரகருக்கு அதே அளவு, மின்சாரம்-குடிநீர் வைப்புத்தொகை 2,000. இதோடு பள்ளியின் முதல் பருவக் கட்டணத்தை 40 சதவீதம் என்று வைத்தால் 48,000. மொத்தம் 92,000 திர்ஹாம், அதாவது 22 லட்சம் ரூபாய். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இவ்வளவும் வேண்டும். சிபிஎஸ்இ பள்ளி என்றால் இதில் 34,000 திர்ஹாம் போல குறையும். மீதிக்கு நிறுவனத்திடம் வாடகை முன்பணம் கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் தந்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்.

இனி மகளின் விஷயம். அமெரிக்கப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ பொதுத்தேர்வு கிடையாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட், அதாவது தேர்ச்சிப் புள்ளி, சேர்ந்துகொண்டே வரும். நான்கு ஆண்டு மதிப்பெண்களும் சேர்ந்த சராசரியான ஜிபிஏதான், டிப்ளமா எனப்படும் பள்ளி இறுதிச் சான்றிதழோடு கல்லூரிக்குப் போகும். கூடவே கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வும், ஏபி எனப்படும் உயர்நிலைப் பாடத் தேர்வுகளும் எழுதுவார்கள். நல்ல முறைதான். விருப்பமான பாடத்தைத் தேர்ந்தெடுக்கவும், நிறைய எழுதிப் பழகவும் பிள்ளைகளுக்கு அது இடம் தருகிறது. அமெரிக்காவிலோ கனடாவிலோ கல்லூரி என்று முடிவெடுத்த குடும்பத்துக்கு நானே அதைப் பரிந்துரைப்பேன்.

உங்கள் மகளோ டாக்டராக விரும்புகிறாள். இந்தியாவில் மருத்துவம் என்றால் நீட். நீட் எழுதுபவர் பன்னிரண்டாம் வகுப்பு அளவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் அறிவியல் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு பாடமாக ஓடும்: ஒன்பதில் உயிரியல், பத்தில் வேதியியல், பதினொன்றில் இயற்பியல் என்பது வழக்கமான அடுக்கு. யாரும் கவனிக்காமல் விட்டால், பிள்ளை பன்னிரண்டை நல்ல ஜிபிஏயோடு முடித்த பிறகுதான், கடைசி இரண்டு ஆண்டில் உயிரியலே இல்லை என்பது தெரியவரும். மூன்று அறிவியலையும் 11, 12-இல் படிக்கப் பள்ளியிடம் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்யலாம்; செய்தவர்களும் உண்டு. ஆனால் நீட் பாடத்திட்டம் சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி புத்தகங்களை ஒட்டியது. அதைத் தனியாகப் பயிற்சி வைத்துப் படிக்க வேண்டும். அப்படியானால் 68,000 கட்டிய பள்ளிக்கு வெளியே இன்னொரு பள்ளிச் சுமையைப் பிள்ளை சுமப்பாள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒப்பந்தம் மூன்று ஆண்டு என்பது இன்னொரு சிக்கல். அது முடியும்போது அவள் பதினொன்றை முடித்திருப்பாள். சிபிஎஸ்இயில் 9-10, 11-12 இரண்டும் தனித்தனி இரண்டாண்டுப் படிப்புகள். அமெரிக்கப் பள்ளியிலிருந்து நேராகப் பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழைவது மிகக் கடினம். துபாய் சிபிஎஸ்இ பள்ளியிலிருந்து கோவை சிபிஎஸ்இ பள்ளிக்கு வருவதென்றால் மாற்றல் அவ்வளவுதான். இப்போது போகும்போதும் அப்படியே. துபாயின் இந்தியப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கிவிடும் என்பதால் ஆகஸ்டில் இடம் இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள்.

‘அமெரிக்காவிலேயே மருத்துவம் படிக்கட்டும்’ என்று யாராவது சொன்னால், அங்கே நான்கு ஆண்டுப் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி என்பதை நினைவில் வையுங்கள். பல தனியார் பல்கலைக்கழகங்களில் அந்த முதல் பட்டத்துக்கே தங்கும் செலவோடு ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. உங்கள் 38 லட்சம் ஓர் ஆண்டுக்கே போதாது. இந்தியாவிலும் மருத்துவம் மலிவல்ல. அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் பிரச்சினை இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்பிபிஎஸ் கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. அந்த நிதிக்கு இப்போதே வேலை காத்திருக்கிறது.

ஆனாலும் ஒரு வேண்டுகோள்: மகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். பதினான்கு வயதில் சொல்லும் ஆசை மாறலாம். வேறு துறை, வெளிநாட்டுக் கல்லூரி என்று அவள் உண்மையாகவே நினைத்தால் கணக்கு மாறும். அப்போது அமெரிக்கப் பள்ளி பொருத்தமான தேர்வாகலாம்.

அப்படித் தேர்ந்தெடுத்தால் கட்டிடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெயரில் ‘அமெரிக்கன்’ என்று இருப்பதால் மட்டும் ஒரு பள்ளியின் டிப்ளமா எல்லா இடத்திலும் செல்லுபடியாகிவிடாது. காக்னியா, மிடில் ஸ்டேட்ஸ், நியூ இங்கிலாந்து அமைப்பு போன்ற அமெரிக்க அங்கீகார அமைப்புகளில் எதன் அங்கீகாரம் இருக்கிறது, உயர்நிலை வகுப்புகளுக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். எந்தெந்த ஏபி பாடங்கள் உண்மையில் நடக்கின்றன என்றும் கேளுங்கள். கடந்த ஆண்டு முடித்தவர்கள் எந்தக் கல்லூரிகளுக்குப் போனார்கள் என்ற பட்டியலைத் தரத் தயங்கும் பள்ளியை நான் நம்பமாட்டேன். துபாய் தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் கேஎச்டிஏ தன் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளியின் அங்கீகரிக்கப்பட்ட கட்டணத்தையும் ஆய்வறிக்கையையும் வெளியிடுகிறது. பள்ளி சொல்லும் கட்டணத்தை அதோடு ஒப்பிடுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கான வரியோடு நிறுத்தாமல் பன்னிரண்டுக்கான வரியையும் படியுங்கள்.

மகன் சிறியவன். நான்காம் வகுப்பிலிருந்து எட்டு வரை எந்தப் பாடத்திட்டத்திலிருந்தும் எதற்கும் மாறலாம், பெரிய சேதம் இல்லை. அவனை மட்டும் அமெரிக்கப் பள்ளியில் சேர்த்தால் கல்விப்படி போக ஆண்டுக்கு 17,000 திர்ஹாம் உங்கள் கையிலிருந்து போகும். தாங்கக்கூடியதுதான். ஆனால் முதல் ஆண்டு அக்காவும் தம்பியும் ஒரே பஸ்ஸில், ஒரே பள்ளிக்குப் போவது புதிய ஊரில் இருவருக்கும் ஆறுதல். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி போட்டுவந்தால் அதை நிறுத்த வேண்டாம். கிளம்பிய பிறகு ஃபண்ட் நிறுவனத்தில் கேஒய்சியை, அதாவது உங்கள் அடையாள விவரப் பதிவை, என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) என்று மாற்றுங்கள். இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஐகளின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றி, வெளிநாட்டு வருமானத்துக்கான என்ஆர்இ கணக்கு ஒன்றும் புதிதாகத் தொடங்குங்கள். துபாயில் மிச்சமாகும் பணம் இந்த என்ஆர்இ கணக்குக்கே வரட்டும். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. மகளுக்குத் தமிழ்நாட்டு இருப்பிடச் சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள். வெளியூரில் படித்து இங்கே மாநில ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கேட்பவர்களுக்கு அது தேவைப்படும். அங்கிருந்து வாங்குவது பெரும் அலைச்சல்.

கடைசியாக, வேலை ஒப்பந்தம். கல்விப்படியைப் பள்ளிக்கு நேராகக் கட்டுவார்களா, ரசீது கொடுத்த பிறகு தருவார்களா? பஸ் கட்டணமும் அடங்குமா? ஆண்டுதோறும் உயருமா? இடையில் வேலை போனால் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை தருவார்களா? இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். கையெழுத்திடும் முன்பு கேட்டால் நிறுவனம் இறங்கி வரும். பிறகு கேட்டால் ‘விதிமுறையில் இல்லை’ என்று கைவிரித்துவிடுவார்கள்.