கவுன்சிலர் தேர்தலில் ஓட்டுப் போடுவதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

கேள்வி: 2022ல் ஜெயித்த பிறகு எங்கள் வார்டு கவுன்சிலரைத் தெருவில் பார்த்ததே இல்லை. மாமன்றக் கூட்டம் என்றால் கூச்சல், வெளிநடப்பு. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

பதில்:

நீங்கள் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, காலையில் வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற ஆளாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சொந்த வீட்டுக்காரர் கவுன்சிலரைப் பார்க்காமல் இருக்கவே முடியாது. வாசலில் ஒரு லோடு எம்-சாண்ட் கொட்டிப் பாருங்கள். சாயங்காலத்துக்குள் பைக்கில் இரண்டு பேர் வந்து, "அண்ணன் கேட்டாங்க, என்ன வேலை நடக்குது?" என்பார்கள். 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்களுக்கு ஆன்லைனில் சுயசான்று கொடுத்தாலே அனுமதி என்று 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்தது. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கம் அந்த பைக் வருவது நிற்கவில்லை.

எங்கள் பக்கம் என்றால் எந்த ஊர் என்று கேட்காதீர்கள். தென்மாவட்டத்தில் ஒரு மாநகராட்சி, அவ்வளவுதான். ஊரைச் சொன்னால் வார்டைக் கண்டுபிடிப்பார்கள், வார்டைக் கண்டுபிடித்தால் என்னைக் கண்டுபிடிப்பார்கள். மாடியில் எனக்கு இன்னும் ஒரு ரூம் எடுக்க வேண்டியிருக்கிறது.

எங்களுடையது பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு. ஜெயித்தது ஒரு அக்கா. ஆனால் தெருவில் "கவுன்சிலரே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது அவர் வீட்டுக்காரர்தான். பாதாள சாக்கடைக் குழாய் பதிக்க எங்கள் தெருவைத் தோண்டினார்கள். மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போனதோடு சரி, ஒரு மழைக்கு அது உள்ளே இறங்கிவிட்டது. ஆட்டோ தெருமுனையிலேயே நின்றுவிடும். டயாலிசிஸுக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, நாங்கள்தான் முனை வரைக்கும் தூக்கிக்கொண்டு போவோம். சரி, நேரில் கேட்டுவிடுவோம் என்று தெருவில் நான்கைந்து பேர் மனு எழுதிக் கவுன்சிலர் வீட்டுக்குப் போனோம்.

போர்டிகோவில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேஜை மேல் ஒரு கட்டு கல்யாணப் பத்திரிகை. அக்கா உள்ளே இருந்தார், குரல் கேட்டது. மனுவை வாங்கிப் படித்தவர் வீட்டுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார்: "அண்ணாச்சி, உங்க தெரு லிஸ்ட்ல இருக்கு. எஸ்டிமேட் போட்டாச்சு. மன்றத்துல வச்சுப் பாஸ் பண்ணணும். மன்றம் நடந்தாத்தானே?"

அவர் சொன்னது பொய் இல்லை. மேயரும் ஆளுங்கட்சி, கவுன்சிலர்களில் முக்கால்வாசிப் பேரும் அதே கட்சி. அவர்களுக்குள்தான் சண்டை. கூட்டம் என்று அறிவிப்பார்கள், ஒரு கோஷ்டி வராது, போதிய ஆள் இல்லை என்று ஒத்திவைப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு வருவார்கள், பத்து நிமிடத்தில் வெளிநடப்பு. எதிர்க்கட்சிக்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏதோ கொள்கைச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். எந்த வேலை எந்த ஒப்பந்ததாரருக்கு, அதில் யாருக்கு எவ்வளவு என்பதில் ஒத்துவரவில்லை. இதை என்னிடம் சொன்னதே ஒரு ஒப்பந்ததாரர்தான். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை, வேண்டுமென்றால் நம்பாதீர்கள்.

இதற்கு மூலகாரணம் ஒன்று உண்டு. 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயருக்கு நாமே நேரடியாக ஓட்டுப் போட்டோம். 2006லும் 2022லும் கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். நேரடித் தேர்தலை எடுத்துவிட்டு மறைமுகத் தேர்தலுக்கு அவசரச் சட்டம் வந்தது 2019 நவம்பரில், அதிமுக ஆட்சியில். 2022ல் அதே முறையை வைத்து ஜெயித்தது திமுக. ஆகவே கட்சிக்காரர்கள் யாரும் என் மேல் பாய வேண்டாம், இரண்டு பேருக்கும் இதில் பங்கு உண்டு. கவுன்சிலர் ஓட்டில் வந்த மேயர் கவுன்சிலருக்குத்தான் பயப்படுவார். இதனால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், என் தெருவை வந்து பாருங்கள் என்பேன்.

பொது உதாரணம் வேண்டுமானால் திருநெல்வேலி இருக்கிறது. மொத்தம் 55 வார்டு, பெரும்பான்மை திமுக. மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்ததும் திமுக கவுன்சிலர்கள்தான். 2024 ஜனவரி 12 அன்று ஓட்டெடுப்பு வைத்தார்கள், ஒரு கவுன்சிலர்கூட வரவில்லை. தீர்மானம் போயிற்று. மேயர் தப்பித்தார் என்று பார்த்தால், ஜூலையில் அவரே ராஜினாமா செய்தார். அதே நாளில் கோவை மேயரும் ராஜினாமா. சொன்ன காரணங்கள் சொந்தக் காரணங்கள். ஆகஸ்டில் நெல்லைக்குப் புது மேயரைத் தேர்ந்தெடுத்தபோது கட்சி அறிவித்த வேட்பாளருக்கு 30 ஓட்டு, எதிர்த்து நின்ற அதே கட்சிக் கவுன்சிலருக்கு 23 ஓட்டு. அந்த ஓட்டெடுப்புக்குக் கொஞ்சம் முன்னால், 2023 டிசம்பர் 17, 18ல் தாமிரபரணி ஊருக்குள் வந்து போயிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஓட்டெடுப்பு.

வெள்ளம் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையில் பெய்த மழைக்கு டிவிக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று நாள் முழுக்கப் பேசினார்கள். எங்கள் பக்கத்துக்கு என்று வந்தபோது கீழே ஓடுகிற ஸ்க்ரோல்தான் முதலில் கிடைத்தது. இந்தத் தளத்திலும் அதே கதை. 'நகரம்' என்று யார் எழுதினாலும் அது வேளச்சேரியாகவோ அண்ணா நகராகவோதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது 25 மாநகராட்சிகள் இருக்கின்றன ஐயா. சென்னை கவுன்சிலர் ஏதாவது உளறினால் மறுநாள் மீம் வருகிறது. எங்கள் கவுன்சிலர் உளறினால் கேட்பதற்கு ஒரு பகுதிநேர நிருபர், அவரும் அவர்கள் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் எங்கள் கவுன்சிலர்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கப் போனேன். வாசலில் இருந்த போலீஸ்காரர் "பத்திரிகையா?" என்றார். "இல்லை, பொதுஜனம்" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு விட்டார். பார்வையாளர் மாடத்தில் எனக்கு முன்னாலேயே எங்கள் அக்காவின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரைப் போல இன்னும் ஏழெட்டுக் கணவர்கள்.

மன்றப் பொருள் புத்தகம், அதாவது கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டிய விஷயங்களின் பட்டியல், ஒன்று அவர் கையில் இருந்தது, எனக்கும் காட்டினார். பல மாதம் தேங்கியதெல்லாம் சேர்ந்து தடியாக இருந்தது. ஆழ்குழாய் மோட்டார் ரிப்பேர், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பு, தெருநாய்க்குக் கருத்தடை, குப்பை வண்டி வாடகை. நான் எங்கள் தெருப் பெயரை விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கம் புரட்டி முடிப்பதற்குள் கீழே "ஆல் பாஸ், ஆல் பாஸ்" என்று மேஜையைத் தட்டும் சத்தம். அத்தனை பொருளும் நிறைவேறிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் பாதிப் பேர் எழுந்து மிக்சர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பொருள் மேலும் ஒருத்தர் "இவ்வளவு ரூபாய் எதற்கு?" என்று கேட்கவில்லை. வெளிநடப்பு செய்கிறார்கள் என்று நீங்கள் கோபப்படுகிறீர்கள், எனக்கு இந்த ஆல் பாஸைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. கணக்கு பார்க்க வேண்டியவர்கள் மேஜையைத் தட்டிவிட்டுப் போனால் மதுரை மாதிரி ஆகும். அங்கே கட்டிடங்களுக்குச் சொத்து வரியைக் கம்ப்யூட்டரில் குறைத்துப் போட்டார்கள் என்று வழக்கு வந்து, 2025 ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்களும் ராஜினாமா செய்தார்கள், அக்டோபரில் மேயரும் போனார். வழக்கு நடக்கிறது, யார் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. இத்தனைக்கும் 2022ல் வரியை உயர்த்தியபோது ஒரு ரூபாய் பாக்கி இல்லாமல் கட்டிய ஆட்கள் நாம்.

அன்று நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. ஆல் பாஸுக்குப் பிறகு எங்கள் அக்கா எழுந்து நின்றார். தோள்பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தார். மாடத்திலிருந்து பார்த்தாலே மஞ்சளாகத் தெரிந்தது. "இது எங்க தெரு குழாயில இன்னைக்குக் காலையில நான் பிடிச்ச தண்ணி. சாக்கடை கலக்குது. இஞ்சினியர் சார் ஒரு வாய் குடிச்சிக் காட்டட்டும்" என்றார். மைக் கட்டானது. மேயர் "உட்காருங்கம்மா, நடவடிக்கை எடுக்கப்படும்" என்றார். அக்கா உட்காரவில்லை. மைக் இல்லாமலேயே இன்னும் ஏதோ பேசினார், மிக்சர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இவளுக்கு எதுக்கு இந்த வேலை, மாவட்டம் என்ன நினைப்பார்" என்று முனகினார். மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர்.

குழாயைப் பத்து நாளில் மாற்றினார்கள். ரோடு மட்டும் அதற்குப் பிறகும் ஒரு மழைக்காலம் தாண்டித்தான் வந்தது, அதுவும் பேவர் பிளாக், இப்போதே இரண்டு இடத்தில் அமுங்கியிருக்கிறது.

"கவுன்சிலருக்கு என்ன கிடைக்கிறது, பாவம்" என்று ஒருவர் வந்து எழுதுவார் என்று தெரியும். 2023லிருந்து மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் கொடுக்கிறார்கள். குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். இவ்வளவு குறைந்த சம்பளத்துக்குத் தேர்தலில் ஏன் இவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று அவரே யோசித்துக்கொள்ளட்டும். "அப்படியானால் அதிகாரிகளே நடத்தட்டும்" என்று இன்னொருவர் வருவார். அதையும் பார்த்தாயிற்று. 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது, தேர்தல் நீதிமன்றத்தில் சிக்கியது, 2022 பிப்ரவரி வரை தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். அந்த ஐந்து வருடத்துக்கும் மேலான காலத்தில், தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல ஒரு வீட்டு வாசல்கூட இல்லை. மனுவைப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

அதனால் நான் போடுவேன். சென்னையில் 2022ல் 44 சதவீதம்கூடத் தொடாத ஓட்டுப்பதிவில் யார் ஜெயிப்பார்கள் என்று கட்சிக்காரர்களுக்கு முன்கூட்டியே தெரியும், எத்தனை வீட்டுக்கு என்ன கொடுத்தால் போதும் என்பதும் தெரியும். அடுத்த முறை எங்கள் அக்கா நின்றால் அவருக்குத்தான் என் ஓட்டு, எந்தக் கட்சியில் நின்றாலும். வார்டைப் பொதுவாக்கிவிட்டு வீட்டுக்காரர் நின்றால் கிடையாது. அவருக்கு சீட் கேட்டு இப்போதே அலைகிறார் என்று கேள்வி.