கரோல் பாக் டீச்சர் பதில்கள்

டெல்லிப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியலும் மேல் வகுப்புகளுக்கு இயற்பியலும் எடுக்கும் ஆசிரியை, இந்த மாதம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

2025 அக்டோபரில் எங்கள் பகுதிக்கு மேலேயே விமானம் பறந்து செயற்கை மழைக்கு மருந்து தூவியது. நனையவே இல்லை. அறிவியல் தோற்றுவிட்டதா?
– வாசகர், மயூர் விஹார்

தோற்கவில்லை. சரக்கில்லாத மேகத்தில் போய் அதைக் கூப்பிட்டார்கள். சில்வர் அயோடைடு படிகத்தின் அமைப்பு பனிக்கட்டிப் படிகத்தை ஒத்தது. மேகத்துக்குள் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள் அதைப் பற்றிக்கொண்டு உறையும், கனக்கும், விழும். உறைமோர் வேலைதான். பால் இருந்தால்தானே தயிர்? அக்டோபர் 28 அன்று ஈரப்பதம் 15 முதல் 20 சதவீதம்தான் இருந்தது என்று சோதனையை நடத்திய கான்பூர் ஐ.ஐ.டி.யே சொன்னது.

மழை பெய்திருந்தாலும் காற்று மாசிலிருந்து ஓரிரு நாள் நிம்மதி, அவ்வளவே. குளிர்காலத்தில் தரையோரக் காற்று குளிர்ந்து கிடக்கும். மேலே வெப்பக் காற்று உட்கார்ந்துகொண்டு புகையை எழும்பவிடாது. வண்டிகளும் கட்டுமானத் தூசியும் வைக்கோல் எரிப்பும் அப்படியே இருக்கும்போது வானத்தைக் கழுவி என்ன பயன்?

நீங்கள் எந்தக் கட்சி, டீச்சர்?
– வாசகர், லோதி காலனி

விரலைக் காட்டுவேன், கட்சியைக் காட்டமாட்டேன். விரல் என்றதும் ஓட்டுப் போடும்போது வைக்கும் மை நினைவுக்கு வருகிறது. பத்தாம் வகுப்பில் நான் நடத்தும் ஒரே 'அரசியல்' பாடம் அதுதான். மையில் உள்ள சில்வர் நைட்ரேட் தோலில் இருக்கும் உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடாகும், வெளிச்சம் பட்டதும் கறுக்கும். சோப்புக்கும் எண்ணெய்க்கும் மசியாது. அந்தத் தோல் உதிர்ந்தால்தான் போகும். (மழைக்கும் வெள்ளி, ஓட்டுக்கும் வெள்ளி!) 1962 பொதுத்தேர்தலில் முதன்முதலாகப் புழக்கத்துக்கு வந்தது. உருவாக்கியது நம் கரோல் பாக்குக்குப் பக்கத்தில், பூசாவில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர், ராமன் விளைவு ஆய்வில் ராமனோடு உழைத்தவர். அந்த ஆய்வகம் இருக்கும் சாலைக்கே அவர் பெயர். அந்தப் பக்கம் போனால் பலகையைப் பாருங்கள்.

நீட் வேண்டுமா, வேண்டாமா? நழுவாமல் சொல்லவும்.
– வாசகர், ஆர்.கே. புரம்

இப்போதிருக்கிற நீட் வேண்டாம். காரணத்துக்கு 2024 தேர்வில் வந்த ஒரு இயற்பியல் கேள்வி போதும்.

இரண்டு கூற்றுகள் கொடுத்தார்கள். அணுவில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சமம், ஆகவே அணு மின்நடுநிலை கொண்டது என்பது முதலாவது. சரி. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலையானது, தனக்குரிய நிறமாலையை வெளியிடும் என்பது இரண்டாவது. தப்பு. ரேடியம் அணு நிலையானதா என்ன? க்யூரி தம்பதி 1898இலேயே கண்டுபிடித்துச் சொல்லியாகிவிட்டது. ஆனால் என்.சி.இ.ஆர்.டி. (மத்திய அரசின் பாடநூல் நிறுவனம்) புத்தகத்தின் பழைய பதிப்பில் 'ஒவ்வொரு தனிமம்' என்று இருந்தது, புதியதில் 'பெரும்பாலான' என்று திருத்தியிருந்தார்கள் என்பதால், தேர்வு முகமை இரண்டு விடைக்கும் மார்க் போட்டுவிட்டது! விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் மூன்று பேர் பார்த்து, ஒரு விடைதான் சரி என்றார்கள். தவறான விடையைக் குறித்திருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு நான்கு மார்க் போய், மேற்கொண்டு ஒன்று மைனஸ். முழு 720 வாங்கியவர்கள் 61 பேர், 17 ஆனார்கள்.

நயி சடக்கில் பழைய புத்தகம் வாங்கிப் படித்த ஏழைப் பிள்ளைகளும் அதில் இருந்திருப்பார்கள். அவர்கள்மேல் என்ன குற்றம்? என் கவலை, முழு மார்க் வாங்கிப் பிறகு இழந்த 44 பேரைப் பற்றியது. அவர்களுக்கா கதிரியக்கம் தெரியாது? தெரிந்தும், அணு என்ன சொல்கிறது என்று பார்க்காமல் புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். இங்கே 'டம்மி அட்மிஷன்' என்று ஒன்று உண்டு. பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை காலு சராய் கோச்சிங்கில் இருக்கும். கம்பியின் தடிமனை அளக்கும் ஸ்க்ரூ கேஜைக் கையால் தொடாமலே அதன் கணக்கை அரை நிமிஷத்தில் போடும்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021இலும் 2022இலும் விலக்கு கேட்டு மசோதா நிறைவேற்றியும் ஒப்புதல் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் பிளஸ் டூ மார்க்குக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு மனப்பாடத்தாலேயே மார்க் வாங்கவைத்த நாமக்கல் பக்கத்து பிராய்லர் பள்ளிகள் மறந்துவிட்டன போலும்.

பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடத்தை நீக்கிவிட்டார்களே, நீங்களும் விட்டுவிட்டீர்களா?
– வாசகி, ஜனக்புரி

விடவில்லை. 2023இல் சுமையைக் குறைக்கிறோம் என்று அதையும் தனிம வரிசை அட்டவணையையும் எடுத்தார்கள். பரிணாமத்தை எடுத்ததை எதிர்த்து 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டும் பலனில்லை. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்பார்கள். காமர்ஸ் எடுக்கும் பிள்ளை அந்தப் பக்கமே போகாது. நாளைக்கு அமைச்சராகி ஓர் இலாகாவைக் கவனிக்கப் போவது அந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

நான் டார்வினில் ஆரம்பிப்பதில்லை. டெங்கு சீசனில் தெருவில் புகை அடித்துவிட்டுப் போவார்கள் அல்லவா, அதற்கும் சாகாத கொசு எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். பீரியட் அதிலேயே ஓடிவிடும்.

மகள் பி.எஸ்சி. இயற்பியல் என்கிறாள். என் வீட்டுக்காரர் இன்ஜினியரிங்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். என்ன செய்ய?
– ஓர் அம்மா, முனிர்கா

சேர்த்துவிடுங்கள் அம்மா. டெல்லி பல்கலைக்கழகத்துக்கு 2022இலிருந்து சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், விண்ணப்பத் தேதியைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். பட்டம் முடித்ததும் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். அவருக்கு வேண்டிய மூன்றெழுத்து அப்போது கிடைத்துவிடும்.