எல்இடி பல்பு மாட்டினேன், எதிரே வந்தவர் விழுந்துவிட்டார். பொறுப்பு யாருக்கு?

கேள்வி: என் மோட்டார் சைக்கிளில் கம்பெனி கொடுத்தது ஹெச்4 ஹாலோஜன் பல்பு. இரவில் பாதை சரியாகத் தெரியாததால் இணையத்தில் ஓர் எல்இடி பல்பு வாங்கிப் போட்டேன். ‘மூன்று மடங்கு வெளிச்சம், அப்படியே மாட்டலாம்’ என்று விற்பனைப் பக்கத்தில் இருந்தது. மூன்று மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. போன வாரம் ஒரு வளைவில் எதிரே வந்த ஸ்கூட்டர்காரர் சாலையை விட்டு இறங்கி விழுந்தார். கையில் எலும்பு முறிவு. என் வண்டி அவரைத் தொடவே இல்லை. ‘உன் வெளிச்சத்தில் எனக்குக் கண்ணே தெரியவில்லை’ என்கிறார். போலீஸ் ‘அங்கீகாரமில்லாத விளக்கு’ என்று அபராதச் சீட்டு கொடுத்தது. வண்டியில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா என்று இன்சூரன்ஸ் கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது. பழைய பல்பையே திரும்ப மாட்டிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். மாட்டலாமா? இனிமேல் எந்தப் பல்பு போட்டால் சட்டப் பிரச்சினை வராது?

பதில்: கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, பழைய பல்பை மாட்டலாமா என்று, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மாட்டத்தான் வேண்டும். ஆனால் நண்பர்கள் சொல்கிற மாதிரி சத்தமில்லாமல் அல்ல.

இப்போது வண்டியில் இருக்கும் பல்பு ஒரு சான்றுப்பொருள். யாருக்கும் தெரியாமல் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, ‘நான் எதையும் மாற்றவில்லை’ என்று இன்சூரன்ஸுக்கு எழுதினால், ஒரு சாதாரண விதிமீறல் பொய்த் தகவலாகவும் தடய அழிப்பாகவும் வளர்ந்துவிடும். போலீஸ் ஏற்கெனவே சீட்டில் எழுதிவிட்டது என்பதையும் மறக்காதீர்கள். அதனால் முதலில் வண்டி இருக்கிற நிலையிலேயே படம் எடுங்கள். விளக்கின் கண்ணாடி, பல்பின் அடிப்பாகம், ஹோல்டர், வயர், பிறகு சுவரில் விழும் வெளிச்சம் என்று ஒவ்வொன்றையும் தேதியோடு எடுங்கள். வழக்கு விசாரணையில் இருந்தால் பல்பை மாற்றப்போவதாக விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர் சரி என்ற பிறகு கழற்றுங்கள். கழற்றிய பல்பைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அதுவரை அந்த வண்டியை இரவில் எடுக்க வேண்டாம். சீட்டு வாங்கிய பிறகும் அதே பல்போடு இன்னொரு தடவை பிடிபட்டால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் இடமே போய்விடும்.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பரவாயில்லை, அபராதத் தொகையும் பிரிவு எண்ணும் நாட்டுக்கு நாடு மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். வெளிச்சம் அதிகமா குறைவா என்று மட்டும் சட்டம் பார்ப்பதில்லை. இந்த விளக்குக் கூட்டுக்குள் இந்தப் பல்பு இருக்கும் என்று சொல்லித்தான் சோதனைக்குக் கொடுத்து அங்கீகாரம் வாங்கினார்களா என்று பார்க்கிறது. ஹெட்லைட் என்பது பல்பு, ரிஃப்ளெக்டர், கண்ணாடி மூன்றும் சேர்ந்து தேர்வு எழுதிய ஒரு தொகுப்பு. அதில் ஒன்றை மாற்றினால் தேர்வு எழுதிய விளக்கு வேறு, வண்டியில் இருக்கிற விளக்கு வேறு.

இதற்கான விதிகள் பெரும்பாலும் 1958 ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வந்தவை. இழைப் பல்புகளுக்கானது ஐ.நா. விதி 37. அதன்படி ஹெச்4 பல்பு 12 வோல்ட், 60/55 வாட். 13.2 வோல்ட்டில் சோதிக்கும்போது பிரைட்டில் 1650 லூமென் (லூமென் என்பது ஒளியின் அளவு), டிம்மில் 1000 லூமென், கூடக் குறைய 15 சதவீதம் வரை இருக்கலாம். ஆக, ‘மூன்று மடங்கு வெளிச்சம்’ என்று விளம்பரம் செய்பவர் தன் பொருள் ஹெச்4 வரம்புக்குள் இல்லை என்று தானே எழுதிக் கொடுக்கிறார். இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஜெர்மனியில் வண்டியின் இயக்க அனுமதியே காலாவதியாகும் என்ற விதி என்று பாதைகள் வேறுவேறு. போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: உற்பத்தியாளர் காட்டி ஒப்புதல் வாங்கியதிலிருந்து விலகினால் பொறுப்பு உரிமையாளருக்கு. எல்இடி மாற்றுப் பல்புகளை எல்லா இடத்திலும் ஒரேயடியாகத் தள்ளிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியில் 2020 முதல் சில எல்இடி பல்புகளுக்கு ஒப்புதல் உண்டு. ஆனால் பட்டியலில் பெயர் இருக்கும் வண்டி மாடல்களுக்கு மட்டும்தான்.

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். (சட்டம் படித்தபோது பல்பின் பின்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.) முதல் படத்தில் விளக்குக் கண்ணாடியின் ஓரத்தில் வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் ‘ஹெச்சிஆர்’ என்ற மூன்று எழுத்தும் அச்சாகியிருக்கின்றன. டிம், பிரைட் இரண்டுக்கும் ஹாலோஜன் விளக்காக ஒப்புதல் பெற்றது என்று அதற்கு அர்த்தம். அந்தக் கூடு தன் வாயாலேயே ‘நான் ஹாலோஜன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு வேறு சாட்சி தேவைப்படாது.

இரண்டாவது படம் பல்புப் பெட்டி. ‘சிஇ’ முத்திரை இருக்கிறது, தண்ணீர் புகாது என்ற குறி இருக்கிறது, கூடவே ஓர் ‘ஈ’ முத்திரையும் இருக்கிறது. இதைப் பார்த்துத்தான் நீங்கள் நம்பியிருப்பீர்கள். சிஇ என்பது ஹெட்லைட் ஒப்புதலே அல்ல. அந்த ‘ஈ’ முத்திரையோ ‘10ஆர்’ என்று தொடங்குகிறது. அது விதி 10, அதாவது ரேடியோ போன்ற மற்ற மின்கருவிகளுக்கு மின்காந்தத் தொந்தரவு தராது என்பதற்கான சான்று. ஒளி எங்கே விழுகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பெட்டியின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பொதுச் சாலையில் பயன்படுத்துவதற்கு அல்ல’ என்ற வரியும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்தால்தான் அது கண்ணில் படும். இந்த வரி உங்களுக்குப் பாதகம்தான். விற்றவருக்கு அதைவிடப் பாதகமாக ஆக்கலாம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சரி, விபத்துக்கு வருவோம். விதியை மீறினீர்கள் என்பதும், அந்த மீறலால்தான் அவர் விழுந்தார் என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். அபராதச் சீட்டு முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். இரண்டாவதை நிரூபிக்கும் சுமை ஸ்கூட்டர்காரர் மேல் இருக்கிறது. அவர் என்ன வேகத்தில் வந்தார், வளைவில் மணல் கிடந்ததா, அவர் தலைக்கவசத்தின் கண்ணாடி கீறல் விழுந்ததா, உங்கள் விளக்கு அவர் கண்ணில் பட்டபோது எவ்வளவு தூரம் இருந்தது, எல்லாம் விசாரணைக்கு வரும். இரண்டு பக்கமும் தவறு இருந்தால் பொறுப்பைப் பங்கிடுவதுதான் பெரும்பாலான நீதிமன்றங்களின் வழக்கம். வண்டி தொடவில்லை என்பது உங்களுக்கு ஒரு கேடயம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கண் கூச வைத்து ஒருவரை விழ வைத்தாலும் அது விபத்து ஏற்படுத்தியதுதான்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இந்த வழக்கையே திருப்பிப் போடும்: அப்போது டிம்மில் வந்தீர்களா, பிரைட்டில் வந்தீர்களா? பிரைட்டில் வந்திருந்தால் பல்பைப் பற்றிய பேச்சே இரண்டாம்பட்சம். எதிரே ஆள் வரும்போது டிம் செய்ய வேண்டும் என்பது 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே இருக்கிறது. கம்பெனி பல்பாக இருந்தாலும் அது தவறு. டிம்மில்தான் வந்தேன் என்றால் வாதம் வேறு மாதிரி போகும். அப்போது பல்பின் அமைப்பைப் பேச வேண்டியிருக்கும்.

ஹெச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். டிம் இழைக்குக் கீழே கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதிக்கு ஒளி போகாமல் அது மறைப்பதால்தான் எதிரே வருபவர் கண்ணுக்கு மேல் வெளிச்சம் ஏறாமல் நிற்கிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு அந்த இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் நம்பிச் செய்தது. எல்இடியில் இழை கிடையாது. ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகளிலிருந்து ஒளி வருகிறது. கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தாலும், திருகி மாட்டினாலும், டிம்மில் இருக்க வேண்டிய வெட்டுக்கோடு, அதாவது வெளிச்சம் முடிந்து மேலே இருள் தொடங்கும் கோடு, கலைந்து ஒளி மேலே சிதறும். ஓட்டுகிறவருக்கு முன்னால் பளீரென்று தெரியும், அதனால் நல்ல பல்பு என்று தோன்றும். அந்த வெளிச்சம் போகக்கூடாத இடத்துக்கும் போகிறது என்பது எதிரே வருபவருக்குத்தான் தெரியும். பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் வண்டியின் மூக்கு தூக்கி இன்னும் மோசமாகும். அன்று பின்னால் யாராவது இருந்தார்களா என்பதையும் யோசித்து எழுதி வையுங்கள்.

ஹெட்லைட் சோதனைக் கருவி உள்ள இடத்தில் ஒளிக்கற்றையை அளந்து அறிக்கை வாங்கலாம். ஆனால் நீங்களாக ஓடிப்போய் வாங்காதீர்கள். முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது. உங்கள் வழக்கறிஞர் மூலமாகக் கேட்டு வாங்கினால் பல நாடுகளில் அது வழக்கறிஞர்–கட்சிக்காரர் ரகசியத்துக்குள் அடங்கும், சாதகமாக இருந்தால் மட்டும் வெளியே எடுக்கலாம்.

இன்சூரன்ஸ் கடிதத்துக்கு உண்மையைத்தான் எழுத வேண்டும், ஆனால் கேட்டதற்கு மட்டும். ‘இன்ன தேதியில் ஹெட்லைட் பல்பை எல்இடியாக மாற்றினேன். வேறு மாற்றம் இல்லை’ என்று இரண்டு வரி போதும். ‘அதனால்தான் அவர் விழுந்திருப்பார் போலிருக்கிறது’ என்று நீங்களே காரணம் கண்டுபிடித்துத் தராதீர்கள். பயப்பட வேண்டிய அளவு எவ்வளவு என்று கேட்டால், இப்படிச் சொல்வேன். கட்டாய மூன்றாம் நபர் காப்பீட்டில் பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, நிபந்தனை மீறியதற்காக உங்களிடம் திரும்பக் கேட்பது பல நாடுகளில் உள்ள முறை. எனவே அடிபட்டவர் கைவிடப்பட மாட்டார், ஆனால் நீங்கள் முழுதாகத் தப்பித்தீர்கள் என்றும் சொல்ல முடியாது. பாலிசியில் ‘வண்டியில் செய்யும் மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும்’ என்ற வரி எங்கே, எந்தச் சொற்களில் இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். தெரிவிக்காததற்கும் விபத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று உங்கள் நாட்டுச் சட்டம் கேட்குமானால், திரும்பக் கேட்பதை எதிர்க்க இடம் உண்டு.

அபராதம் கட்டுவதற்கு முன் சீட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சில நாடுகளில் கட்டுவதே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும், அதை இழப்பீட்டு வழக்கில் எடுத்து நீட்டுவார்கள்.

விற்றவர் விஷயம். விற்பனைப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், நாளைக்கு அந்தப் பக்கம் மாறியிருக்கும். ‘அப்படியே மாட்டலாம்’ என்று முன்னால் பெரிதாகச் சொல்லிவிட்டு ‘சாலைக்கு அல்ல’ என்று பெட்டிக்கு அடியில் எழுதுவது நுகர்வோர் சட்டத்தில் தவறான விவரிப்பு என்று வாதிடலாம். பல்பின் விலை திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஸ்கூட்டர்காரருக்கு நீங்கள் கொடுக்க நேரும் தொகையையும் விற்றவர் தலையில் கட்டுவது கஷ்டம். மாட்டியது நீங்கள்தானே என்பார்.

அப்புறம், எந்தப் பல்பு. அதே வகை, அதே வோல்ட், அதே வாட், அடிப்பாகத்தில் விதி 37க்கான ஒப்புதல் எண். இந்த நான்கும் இருந்தால் பிராண்டை மாற்றுவது ‘மாற்றம்’ ஆகாது. கூடுதல் 130, 150 சதவீதம் என்று விற்கும் ஹாலோஜன்களும் இந்த வகைதான். மொத்த வெளிச்சம் கூடுவதில்லை. இழையை இறுக்கி அமைத்து, சாலையின் ஒரு பகுதியில் அதிகம் விழ வைக்கிறார்கள். அந்தச் சதவீதம்கூடச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டதுதான். ஆயுள் குறைவு. ஒப்புதல் எண் இருந்தால் தாராளமாகப் போடலாம். நீலப் பூச்சுள்ளதை நான் வாங்க மாட்டேன், அந்தப் பூச்சே வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். 100/90 வாட் பல்பு சட்டத்துக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது. 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் என்று கணக்குப் போட்ட வயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும், ஹோல்டர் உருகும்.

உண்மையில் பல்பை மாற்றும் முன் ஹோல்டரில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று மெக்கானிக்கை அளக்கச் சொல்லுங்கள். 13.2க்குப் பதில் 11.9 வோல்ட் வந்தாலே ஹாலோஜன் வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் காணாமல் போகும். துருப்பிடித்த எர்த்தைச் சரிசெய்து, தேவையானால் ஒரு ரிலே (பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேராக மின்சாரம் விடும் சுவிட்ச்) போட்டால், ஒப்புதல் பெற்ற பல்பே புதிதாகத் தெரியும். அதன் ரசீதை வைத்திருங்கள். 10 மீட்டர் தள்ளி ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, வண்டியில் ஏறி உட்கார்ந்து டிம் போட்டுப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் விளக்குகளுக்கான ஐ.நா. விதி 53 படி, வெட்டுக்கோடு விளக்கின் உயரத்துக்கு 5 முதல் 25 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். இவ்வளவும் செய்து போதவில்லையா? அப்போது பல்பை விட்டுவிட்டு, சாலைக்கான ஒப்புதலோடு வரும் முழு எல்இடி விளக்குக் கூட்டைப் பாருங்கள். அது தன் சொந்த ஒளியமைப்போடு தேர்வு எழுதியது. மாட்டும் முன் வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டு, இன்சூரன்ஸுக்கும் எழுதிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் கடிதத்தில் பதில் தர ஒரு கடைசி நாள் இருக்கும். அதற்கு முன் உங்கள் ஊர் வழக்கறிஞரைப் பாருங்கள். போகும்போது கவரில் போட்ட பல்பு, பெட்டி, வாங்கிய ரசீது, அபராதச் சீட்டு இவற்றோடு, அன்று டிம்மா பிரைட்டா என்பதற்கான நேர்மையான பதிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.