வின்னிபெக் போகப்போகிறேன் என்கிறாளா மகள்?

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மகள் ரொறன்ரோவில் ஊடகப் படிப்பை முடித்த கையோடு வின்னிபெக்கில் இருக்கும் ஏபிடிஎன் தொலைக்காட்சியில் வேலை தேடப்போகிறாள், நீங்களோ "அது பூர்வகுடிகளின் சின்னச் சேனல், நாளைக்கு மூடிவிட்டால் பிள்ளையின் கதி என்ன" என்று நித்திரை இல்லாமல் இருக்கிறீர்கள்.

அந்தப் பயம் வேண்டாம். 1992இல் கனடாவின் வடபகுதிக்கு மட்டும் தொடங்கிய ஒளிபரப்புதான் 1999 செப்டம்பர் 1 அன்று நாடு முழுவதற்குமான ஏபிடிஎன் ஆனது. அடிப்படை கேபிள் தொகுப்பில் அதைக் கட்டாயம் சேர்க்கவேண்டும் என்று கனடாவின் ஒலி, ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி உத்தரவிட்டது, அதற்காக அப்போது சந்தாதாரர் ஒவ்வொருவரிடமும் மாதம் 15 சதம் வாங்கினார்கள். உங்கள் வீட்டில் கேபிள் இருந்திருந்தால் நீங்களும் கட்டியிருப்பீர்கள்! 2024இல் பூர்வகுடிகளுடைய மொழிகளுக்கென்றே இன்னொரு சேனலும் வந்துவிட்டது. ஆனால் ஒப்பந்த வேலையில் தொடங்க வேண்டி வரலாம், பூர்வகுடி விண்ணப்பதாரர்களுக்குத்தான் முன்னுரிமை, அது நியாயமும் கூட.

எனக்குக் கவலை வேறு. ஆர்க்டிக்கில் இக்லூலிக் என்றொரு ஊர் இருக்கிறது, இனுயிட் என்ற பூர்வகுடி மக்களின் ஊர், அதைப் பற்றி அவளுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி தருகிறோம் என்றபோது 1975இலும் 1979இலும் வாக்கெடுப்பு வைத்து வேண்டாம் என்று சொன்ன ஊர் அது, ஏனென்றால் பெட்டியில் வருவது எதுவும் தங்கள் இனுக்டிடுட் மொழியில் இல்லை. தங்கள் மொழியில் தாங்களே நிகழ்ச்சி செய்ய வழி பிறந்த பிறகுதான் சம்மதித்தார்கள். அப்படி வந்த திரையில் கதை சொல்வது அவர்கள். அதனால் உங்கள் மகள் ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, சப்டைட்டில் இவற்றில் கெட்டிக்காரியாகப் போகட்டும், திரையில் தோன்றி நிகழ்ச்சி நடத்தும் ஆசையோடு போகவேண்டாம்.

கெட்டிக்காரி என்றால் மென்பொருள் தெரிவது மட்டும் இல்லை அக்கா. ஒரு முதியவர் பேசிக்கொண்டே வந்து நடுவில் ஐந்து விநாடி சும்மா இருப்பார், வகுப்பில் பழகிய கை அதை வெட்டத்தான் போகும். வெட்டினால் பேச்சு விறுவிறுப்பாகிவிடும், அவர் யோசித்தது காணாமல் போய்விடும்.

சரி, இதை வீட்டிலேயே பழகலாம். இந்தச் சனிக்கிழமை அம்மம்மாவை அரை மணி நேரம் பேசவைத்துப் பதிவு செய்யட்டும், ஐந்து நிமிடமாகத் தொகுத்து ஆங்கிலத்தில் சப்டைட்டில் போடட்டும், அப்புறம் அம்மம்மாவிடமே போட்டுக்காட்டி "நான் சொன்னது இதுதானா" என்று அவர் வாயால் வரும்வரை திருத்தட்டும். விண்ணப்பத்தோடு முதலில் அனுப்பவேண்டியது அந்த ஐந்து நிமிடத்தைத்தான்.